ஒரு பிரதி, ஒரு கிலோவுக்குள்

எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விமானத்தில் போகிறார்கள். திரும்பும்போது கப்பலில், அச்சிட்ட விளம்பரப் பொருளாக வருகிறார்கள். அவர்களைப் பரிசோதித்து வெளியே விடுவது என் வேலை. சுங்க அலுவலகத்தின் மூன்றாம் அறையில் இருபத்தொன்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன்.

கொத்தனாராகப் போனவர்கள் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மடிப்புத் தாளாக வருகிறார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் சலவைத் தூளின் விலைப்பட்டியலாக. ஓட்டுநர்கள் சுவரொட்டியாக வருவார்கள். அவர்களைச் சுருட்டிக் குழாயில் அடைத்து அனுப்புவதால், பிரித்த பிறகும் இரண்டு நாள் சுருண்டபடியே நிற்பார்கள். நான்கு மூலையிலும் கல் வைத்து நிமிர்த்த வேண்டும்.

வீட்டுக்குப் போனபின் சிலர் சுவரிலேயே இருந்துவிடுகிறார்கள். சிலர் நடக்கிறார்கள். காற்றடிக்கும் நாளில் வெளியே வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பீரோவுக்கு மேலே படுத்துக்கொள்கிறார்கள். பேச்சு கிடையாது. தங்கள் மேல் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் அவர்கள் பேச்சு.

விதி எளிமையானது. அனுப்பிய நிறுவனத்தின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எடை ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு பெறுநருக்கு ஒரு பிரதிதான். நான்காவதாக, அந்தப் பொருளால் பெறுநருக்கு எந்தப் பயனும் இருக்கக் கூடாது. பயன் இருந்தால் அது விளம்பரம் அல்ல, சரக்கு. சரக்குக்கு உரிமம் வேண்டும். மனிதர்களை இறக்குமதி செய்ய யாருக்கும் உரிமம் தருவதில்லை. உரிமம் இல்லாத சரக்கு வெள்ளிக்கிழமை மாலை ஊறல் தொட்டிக்குப் போகும்.

தொட்டி கட்டடத்துக்குப் பின்னால், புங்க மரத்தடியில் இருக்கிறது. ஊறிய தாளை அரைத்து, வடித்து, காயவைத்து அலுவலகப் படிவங்கள் செய்கிறோம். படிவங்கள் லேசான சாம்பல் நிறமாக இருப்பது அதனால்தான். அந்தத் தாளில் மை உடனே இறங்காது. எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நான்காவது விதிக்காகப் பெறுநரை நேரில் வரவழைக்கிறோம். பொருளை மேசையில் விரித்து, அதன் முன்னாலேயே பெறுநரிடம் கேட்கிறோம்: “இதனால் உங்களுக்குப் பயன் உண்டா?” இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். தாய்மார்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்கள். பணியில் சேர்ந்த ஆறாம் ஆண்டு என் அண்ணன் ஒரு குடை நிறுவனத்தின் விலைப்பட்டியலாக வந்தபோது நானும் சொன்னேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாக அப்போதைய அதிகாரி சொன்னார். அண்ணன் இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

அருளாயி மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்தாள். மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிறவள். நாற்பது வயதிருக்கும். நாங்கள் அனுப்பிய கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். எடுத்துக் கொடுத்தபோது அது ஈரமாக இருந்தது. கூடவே சுங்க முகவர் கோலப்பன், எப்போதும் போலக் கக்கத்தில் குடையோடு வந்தார். பெறுநர்களுக்குப் படிவங்கள் எழுதிக் கொடுப்பதும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வராந்தாவில் நிறுத்திச் சொல்லிக் கொடுப்பதும் அவர் தொழில்.

அருளாயியின் கணவன் இன்னாசி மூன்று வருடங்களுக்கு முன்னால் டப்பா மீன் நிறுவனம் ஒன்றின் படகுக்குப் போனவன். அவன் பெயரில் வந்த கட்டைப் பிரித்து மேலே இருந்த தாளை எடுத்தேன். எட்டாக மடித்திருந்தது. விரித்து நிறுத்தினால் என் தோள் உயரம் வந்தான். படகின் முனையில் நின்று, இடது உள்ளங்கையில் ஒரு டப்பாவை ஏந்தி, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தான். தலைக்கு மேல் நிறுவனத்தின் பெயர். காலடியில், முள் நீக்கியது என்ற ஒரு வரி.

“இது அவிய இல்ல” என்றாள் அருளாயி.

“பேரு, பாஸ்போர்ட் நம்பரு எல்லாம் பின்னால போட்டிருக்கும்மா” என்றார் கோலப்பன்.

“பேரு கெடக்கட்டும். அவியளுக்கு முன்பல்லு பாதி கெடையாது. நங்கூரக் கயிறு அடிச்சி ஒடைஞ்சது. அதுக்காவவே சிரிக்க மாட்டாவ. கல்யாண போட்டோவுலயே ஒதட்ட இறுக்கிக்கிட்டு, பேதி மருந்து குடிச்ச மாதிரிதான் நிப்பாவ.”

“பல்லு இல்லாதவன நிப்பாட்டி எவன் மீன் விப்பான்? கம்பெனிக்காரன் கட்டிக் கொடுத்திருப்பான். நல்லதுதான.”

நான் அடுத்த தாளை விரித்தேன். அதிலும் இன்னாசி சிரித்தான். கட்டில் மொத்தம் அறுபது பிரதிகள் இருந்தன. மூன்றாவது விதியைச் சொன்னேன்.

“ஒண்ணுதான் தருவியளா?”

“ஒன்றுதான்.”

“மத்த அம்பத்தொம்பது பேரு?”

ஜன்னல் வழியாகத் தொட்டியைக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பரிசோதனைக் கூடத்தின் விசிறிகளை நிறுத்திவிட்டு, அறுபது பேரையும் பத்துப் பத்தாக ஆறு வரிசையில் நிறுத்தினோம். முதல் நாள் அருளாயி ஒவ்வொருவரின் கழுத்தருகிலும் மோந்து பார்த்தாள். எல்லாரும் மை வாசனையாக இருந்தார்கள். மறுநாள் அவள் ஐஸ் உடைக்கப் போகவில்லை. காலையிலிருந்து வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். மாலை நான்கு மணி வாக்கில் ஐந்தாம் வரிசையில் நின்றுவிட்டாள். அந்தப் பிரதியில் கறுப்பு மை ஒரு துளி தெறித்து, மேல் முன்பல்லில் பாதியை மறைத்திருந்தது.

“வந்துட்டியளா” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல் அவன் காலருகே இருந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோலப்பனுக்கு நிம்மதி. “அச்சுப் பிழை, மேடம். இத எந்தக் கடையிலயும் ஒட்ட மாட்டான். பயன் இல்லங்கதுக்கு வேற சாட்சி வேணுமா? நாளைக்குக் காலையில கேட்டு முடிச்சிருங்க.”

மற்றவர்களை வெள்ளிக்கிழமைக்காகத் தள்ளுவண்டியில் ஏற்றித் தொட்டியடிக்கு அனுப்பினேன். அருளாயி ஓரமாக விலகி வழிவிட்டாள். வண்டி நிறையப் பற்கள்.

புதன்கிழமை காலை கோலப்பன் அவளை வராந்தாவில் நிறுத்தி மூன்று முறை சொல்லவைத்தார். மூன்று முறையும் அவள் சரியாக இல்லை என்று சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளே வந்ததும் இன்னாசியை மேசையில் விரித்துக் கேள்வியைக் கேட்டேன்.

“இதனால் உங்களுக்குப் பயன் உண்டா?”

அவள் அந்தப் பல்லைப் பார்த்தாள்.

“உண்டு” என்றாள்.

கோலப்பன் குடையைக் கீழே வைத்தார். “எம்மா, கேள்வி சரியா வெளங்கலபோல. மேடம், இன்னொருக்கக் கேளுங்க.”

இன்னொரு முறை கேட்டேன்.

“வெளங்காம என்ன? உண்டு.”

“அப்பம் வராந்தாவுல என்ன சொன்ன?”

“அங்க அவிய இல்லல்லா.”

“இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போவியா, அத விட்டுட்டு. வெள்ளிக்கெழம மாவாக் கரைச்சிருவாவம்மா உம் புருசன.”

அருளாயி அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் பேசினாள். “போன அன்னைக்குச் சண்ட, மேடம். வலை கிழிஞ்சி கெடக்கு, கூர ஒழுகுது, இவிய பெட்டியக் கட்டிக்கிட்டு நிக்காவ. ஒம்மால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லன்னு சொல்லிட்டேன். பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாவ. அதான் நான் கடைசியாச் சொன்னது. மூணு வருசம் கழிச்சி வந்து நிக்காவ. இப்பமும் மூஞ்சிக்கு நேரா அதையே சொல்லுன்னா எப்பிடிச் சொல்ல?”

பயன் உண்டு என்று சொல்கிறவரிடம் என்ன பயன் என்று கேட்டு எழுத வேண்டும். படிவத்தில் அதற்கு ஒரு வரி உண்டு. என் பணிக்காலத்தில் அதை நிரப்பியதில்லை. கேட்டேன்.

அவள் யோசித்தாள். “ஒல கொதிக்கும்போது உப்புப் போட்டியான்னு கேப்பாவ. தெனமும் கேப்பாவ. எரிச்சலா வரும். இந்த மூணு வருசத்துல நாலஞ்சி தடவ உப்பு போட மறந்துட்டேன்.”

“இப்பம்தான் பேச்சு கெடையாதே” என்றார் கோலப்பன். “முள் நீக்கியதுன்னுதான் நிப்பாரு.”

“அதப் பாத்தாலும் ஞாபகம் வந்துரும்.”

படிவத்தில் ‘உப்பு’ என்று எழுதினேன். மை இறங்கும் வரை காத்திருந்தேன்.

இனி இன்னாசி சரக்கு. தொட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. விதிப் புத்தகத்தை எடுத்து, நான்காம் விதிக்குக் கீழே உள்ள பிரிவுகளை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பயனுள்ள பொருளைத் துளையிட்டுப் பயனற்றதாக்கிய பின் வெளியே விடலாம். துளை படத்தின் முக்கியமான பகுதியில் விழ வேண்டும். ஆட்கள் உள்ள படத்தில் முக்கியமான பகுதி முகம்.

மேசை இழுப்பறையிலிருந்து துளைக் கருவியை எடுத்து வைத்தேன். பேருந்து நடத்துநர் கையில் இருந்ததைப் போன்றது, அதைவிடக் கொஞ்சம் பெரியது.

“மூஞ்சியிலயா?” என்றாள் அருளாயி. “அந்தப் பல்லுலயா?”

“பல்லில், அல்லது கண்ணில். எங்கே என்று பெறுநர் சொல்லலாம்.”

“வேண்டாம்.”

அடுத்த பிரிவையும் வாசித்தேன். பயன் என்பது பொருளில் இருப்பதில்லை, பெறுகிறவரிடத்தில் இருக்கிறது. ஆகையால் பெறுநர் விரும்பினால், பொருளுக்குப் பதிலாகப் பெறுநரைத் துளையிடலாம்.

“அப்பிடி ஒண்ணு இருக்கா?” என்று கேட்ட கோலப்பன், புத்தகத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தார். “இருக்கு” என்றார்.

“அதுக்கு எங்க போடணும்?” என்றாள் அருளாயி.

“கையில் போட்டால் போதும்.”

வலது கையால் ஐஸ் உடைக்க வேண்டும் என்று சொல்லி இடது கையை நீட்டினாள். கருவியைக் கையில் எடுக்கும் முன் அவளிடம் மற்றதையும் சொன்னேன். துளையிட்டபின் அதைச் சுற்றி ‘மாதிரி, விற்பனைக்கு அல்ல’ என்று முத்திரை வைக்கப்படும். மாதிரிகள் ஆறு மாதம் மட்டுமே நாட்டுக்குள் இருக்கலாம். அதற்குள், கட்டு எங்கிருந்து வந்ததோ அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

“யார? இவியளயா?”

“முத்திரை யார் மேல் இருக்கிறதோ அவரை.”

கோலப்பன் குனிந்து குடையை எடுத்தார். “அருளாயி, கேளு. நான் சொல்லுதேன். ஒரே ஒரு வார்த்தை. காதப் பொத்திக்கிட்டுக்கூடச் சொல்லு.”

அருளாயி விரல்களை மடக்கி எண்ணினாள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. “ஆவணி வரைக்கும் இருக்குல்லா” என்றாள். “மழைக்கு முன்னால கூரயப் போட்டுட்டுப் போயிரலாம். போடுங்க மேடம்.”

உள்ளங்கையின் நடுவில் வைத்து அழுத்தினேன். இரத்தம் வரவில்லை. சின்ன வட்டமாகத் தோல் ஒன்று மேசையில் விழுந்தது. அதை உறையிலிட்டு அவள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். பிறகு கேள்வியை மறுபடியும் கேட்டேன். அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிகிறது என்று நானே எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொண்டேன். அவள் இன்னாசியை எட்டாக மடித்து, முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்களை ஒருமுறை பார்த்தேன். வைகாசியில், உப்பளத்துப் பேருந்து நிறுத்தத்தில். காற்றே இல்லை. இன்னாசி அவள் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தில் வெயில் படாமல் இருக்க அவள் இடது கையைக் குடைபோலப் பிடித்திருந்தாள். துளை வழியாக விழுந்த வெளிச்சம், ஒரு சிறிய காசு போல அவன் கன்னத்தில் இருந்தது.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“இருக்கோம், மேடம். இவிய இப்ப ரொம்பச் சொகமா ஆயிட்டாவ. சோறு தண்ணி கெடையாது, சண்டக்கும் வாறதில்ல. நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுதேன். நேத்து கூர மேல ஏறி ஓலய எடுத்துக் குடுங்கன்னேன். ஏறிட்டாவ. எறங்கத் தெரியல.” கொஞ்சம் சிரித்தாள். “உப்பு மட்டும் கரெக்டா இருக்கு.”

ஆடி மாதம் நான் அறிவிப்பு அனுப்பினேன். ஆவணி பத்தாம் தேதி அவள் ஒரு பையோடு தானாகவே வந்தாள். கூரை போட்டாகிவிட்டது என்றாள். ஏற்றுமதிக்கு விதிகள் குறைவு. முத்திரை அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டேன். இன்னாசி வரவில்லை. ஆடிக் காற்று அந்த வருடம் ஆவணியிலும் நிற்காமல் அடித்தது.

அதன் பிறகு ஒன்றரை வருடம் வழக்கமான வேலை. பங்குனியில் அதே நிறுவனத்திலிருந்து இன்னொரு கட்டு வந்தது. கட்டு என்று சொல்ல முடியாது, ஒரே ஒரு பிரதிதான். பெறுநர், இன்னாசி. பிரித்தேன். அருளாயி நான்காக மடிக்கப்பட்டிருந்தாள். வெள்ளைத் தொப்பியும் கையுறையும் போட்டு, நண்டு டப்பாக்களின் குவியலுக்குப் பின்னால் நின்றாள். இடது கையுறையின் நடுவில் துளை இருந்தது. அதை அவர்கள் அச்சில் மறைக்கவில்லை, தாளிலேயே வெட்டியிருந்தார்கள். கீழே ஒரு வரி: உப்புச் சேர்க்கப்படவில்லை. நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருந்தது. எடை அறுபது கிராம். இன்னாசியின் முகவரிக்குக் கடிதம் அனுப்பினேன்.

காற்றில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இன்னாசி வந்தான். வராந்தாவில் அவனைப் பார்த்து, கோலப்பன் விளிம்பில் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். மடிப்புகள் நைந்து, ஓரிரு இடத்தில் சோற்றுப் பசையும் தாளும் வைத்து ஒட்டியிருந்தது. வெயிலில் முதலில் போவது சிவப்பு, பிறகு மஞ்சள். நீலம்தான் கடைசி வரைக்கும் இருக்கும். இன்னாசி முழுக்க நீலமாகிவிட்டிருந்தான். கையில் ஏந்தியிருந்த டப்பா சிவப்பு டப்பா, அது இப்போது இல்லை. உள்ளங்கை வெறுமனே விரிந்திருந்தது. மைத்துளி விழுந்த பல் மட்டும் அப்படியே கறுப்பாக இருந்தது.

அருளாயியை மேசையில் விரித்துக் கேட்டேன்.

“இதனால் உங்களுக்குப் பயன் உண்டா?”

“அண்ணாச்சி” என்றார் கோலப்பன். “பேச வேண்டாம். தலைய இப்பிடியும் அப்பிடியும் ஒரு ஆட்டு ஆட்டும். இல்லன்னு அர்த்தம். நாங்க எழுதிக்கிடுவோம்.”

இன்னாசி தலையை ஆட்டவில்லை. முள் நீக்கியது என்று நின்றான். விசிறி ஓடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு மெல்ல மேசையருகே வந்து, இடது கையை அவள் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தான்.

கோலப்பன் விதிப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். தேவைப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்தேன். அவன் தாள் மெல்லியதாகிவிட்டிருந்ததால் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. முத்திரையை வைத்தேன். ஆறு மாதக் கெடுவைப் படிவத்தில் எழுதினேன். பங்குனியிலிருந்து எண்ணினால் புரட்டாசி வந்தது. அந்தப் படிவம் இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசியில் ஊறவைத்த தாளில் செய்தது. ஓரத்தில் அரைபடாத ஒரு பல் தெரிந்தது. மை இறங்க வெகுநேரம் எடுத்தது. நான் காத்திருந்தேன்.

இன்னாசி அவளை நான்காக மடித்துத் தன் எட்டு மடிப்புக்குள் வைத்துக்கொண்டான். கோலப்பன் வாசல் வரை கூடப் போய், தெருவில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்.

மேசையில் நீலக் காகித வட்டம் ஒன்று கிடந்தது. அதற்குப் புதிய உறை போட வேண்டும். அருளாயியின் உறையைக் கோப்பிலிருந்து எடுத்து அதிலேயே போட்டேன். தோலும் காகிதமும் ஒரே அளவாக இருந்தன. உறையை ஒட்டி, வழக்கப்படி தராசில் வைத்தேன். ஒரு கிலோ நானூறு கிராம் காட்டியது.

எடை மீறினால் நிரப்ப வேண்டிய, இரண்டாவது விதிக்கான படிவத்தை எடுத்து, உறை இருப்பது என் கோப்பில் என்பதால், பெறுநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதத் தொடங்கினேன்.